கடலில் ஒரு புள்ளியைத் தேடி



லண்டனில் தாதிகளாக வேலை செய்யும் நாங்கள் சிலர், ஒரு விடுமுறை நாளில் சறேயிலுள்ள புரூக்வுட் இராணுவ மயானத்துக்குப் போனோம். அங்குள்ள நினைவுச் சின்னத்தில், ஒரே நாளில் கடலில் இறந்த பல இராணுவத் தாதிகளின் பெயர்கள் உண்டு. கல்லறை இல்லை. அவர்கள் எந்த இடத்தில் இறந்தார்கள் என்று தேடத் தொடங்கினோம்.

கப்பலின் பெயர் கெடிவ் இஸ்மாயில். 1944 பெப்ரவரியில் மொம்பாசாவிலிருந்து எங்கள் கொழும்பை நோக்கி வந்த ஐந்து துருப்புக் கப்பல்களில் அதுவும் ஒன்று. கிழக்கு ஆபிரிக்கப் பீரங்கிப் படையினர், கடற்படையினர், தாதிகள் என 1,511 பேர் அதில் இருந்தனர். 12ஆம் திகதி சனிக்கிழமை பிற்பகல், உள்ளே இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-27 ஏவிய இரண்டு டோர்பிடோக்கள் தாக்கின. இரண்டு நிமிடங்களுக்குள் கப்பல் மூழ்கியது. 1,297 பேர் இறந்தனர். 83 பெண்களில் தப்பியவர்கள் 6 பேர் மட்டுமே.

இன்னொரு வேதனையும் உண்டு. தண்ணீரில் தத்தளித்தவர்களுக்குக் கீழேயே நீர்மூழ்கி பதுங்கியிருந்தது. மற்றக் கப்பல்களைக் காப்பாற்ற, பெட்டார்ட், பலாடின் என்ற காவற்கப்பல்கள் அந்த நீரிலேயே ஆழ்கடல் குண்டுகளைப் போட்டன. ஐ-27 அன்றே மூழ்கடிக்கப்பட்டது. ஒரு நோயாளியை விட்டு மற்றவரிடம் ஓடவேண்டிய இரவுகள் எங்களுக்கும் உண்டு. ஆனாலும் அந்தத் தளபதிகளுக்குத் தீர்ப்புச் சொல்ல எங்களுக்கு நா எழவில்லை.

சரி, இடம் எது? மாலைதீவின் தெற்கே, ஒன்றரைப் பாகை நீரிணைப் பகுதி. வழமையாகக் குறிக்கப்படும் புள்ளி வடக்கு 0 பாகை 57 கலை, கிழக்கு 72 பாகை 16 கலை. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 105 கிலோமீற்றர். அக்காலத்தில் செய்மதி இல்லை. நண்பகல் சூரியனை அளந்து, பின் வேகத்தையும் திசையையும் வைத்து இடத்தைக் கணக்கிட்டார்கள். அதில் ஒரு கலை பிசகினால் ஏறக்குறைய 2 கிலோமீற்றர் தள்ளிப்போகும். தாக்கிய கப்பலும் தாக்கப்பட்ட கப்பலும் கடலடியில் கிடப்பதால், மிஞ்சிய கப்பல்களின் பதிவுகளே சாட்சி.

அந்தப் புள்ளி எதற்கு என்று சிலர் கேட்டார்கள். போரிலும் சுனாமியிலும் உறவுகளைத் தொலைத்த எங்கள் குடும்பங்கள் அப்படிக் கேட்காது. உடல் கிடைக்காத வீட்டில், "எந்த இடத்தில்?" என்ற கேள்வி சாவதில்லை.

வாலிபரே, கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய பதிவுகளை இலவசமாகப் படிக்கலாம். அதற்குமுன் உங்கள் அம்மம்மாவிடம் உட்கார்ந்து, காணாமற்போன உறவுகளின் பெயர், ஊர், நாள் மூன்றையும் கேட்டு எழுதிவையுங்கள். அந்தத் தாதிகளுக்கு ஒரு கல்லிலாவது பெயர் இருக்கிறது. எங்களவர்களுக்கு உங்கள் கொப்பியிலாவது இருக்கட்டும்.