பால்மமாக்கி (சருமப் பூச்சுகள்)

எண்ணெயையும் நீரையும் பிரியவிடாமல் சேர்த்து வைக்கும் பொருள் பால்மமாக்கி. கிரீம், லோஷன் எனச் சருமத்தில் பூசும் பலவும் இதனால் உருவாகும் பால்மங்களே. இதன் மூலக்கூறில் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும். கலவையைக் கடையும்போது எண்ணெய் நுண்துளிகளாக உடைகிறது. பால்மமாக்கி ஒவ்வொரு துளியையும் சூழ்ந்துகொண்டு, அவை மீண்டும் ஒன்றுசேராமல் தடுக்கிறது. டப்பாவைத் திறந்ததும் மேலே எண்ணெய் மிதந்தால் பால்மம் உடைந்துவிட்டது என்று பொருள்.

நீருக்குள் எண்ணெய்த் துளிகள் இருக்கும் பூச்சு இலேசானது, எளிதில் கழுவிப்போகும். எண்ணெய்க்குள் நீர்த்துளிகள் இருந்தால் பிசுபிசுப்பு கூடும். ஆனால் சருமத்தில் நெடுநேரம் தங்கும். இவற்றில் எது உருவாகும் என்பதைப் பெரும்பாலும் பால்மமாக்கியே தீர்மானிக்கிறது. நீர், எண்ணெய் நாட்டங்களின் சமநிலையைக் காட்ட வில்லியம் கிரிஃபின் 1949இல் முன்வைத்த எச்.எல்.பி. அளவுகோலில் 3 முதல் 6 வரை மதிப்புள்ளவை இரண்டாம் வகைக்கும், 8 முதல் 18 வரை உள்ளவை முதல் வகைக்கும் ஏற்றவை. எடுத்துக்காட்டாக, பாலிசார்பேட் 80 என்ற பால்மமாக்கியின் மதிப்பு 15.

தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர் கலந்த பழங்காலப் பூச்சைக் கிரேக்க மருத்துவர் கேலனின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். தேன்மெழுகு தனியே வலுவான பால்மமாக்கி அல்ல; எனவே அத்தகைய பூச்சு எளிதில் பிரிந்துவிடும். இக்குறையைத் தீர்த்தவற்றுள் முக்கியமானது, செம்மறியாட்டு ரோம மெழுகிலிருந்து ஐசக் லிஃப்ஷுட்ஸ் உருவாக்கிய யூசரிட். ஹாம்பர்க்கில் 1911இல் பிறந்த நிவியா கிரீம் இதன்மேல் எழுந்ததே.

பாதுகாப்பைப் பொறுத்தவரை எல்லாப் பால்மமாக்கிகளையும் ஒரே கண்ணோடு பார்ப்பது தவறு. லெசித்தின், கிளிசரைல் ஸ்டியரேட் போன்றவை பெரும்பாலோருக்கு மென்மையானவை. சோடியம் லாரில் சல்பேட் அப்படியல்ல. அது சருமத்தின் இயற்கையான கொழுப்பு அரணைக் குலைத்து எரிச்சல் தரவல்லது. பிரிட்டனில் எக்ஸிமாவுக்குப் பரவலாகத் தரப்பட்ட அக்வஸ் கிரீமில் இது சேர்க்கப்பட்டிருந்தது. அந்தக் கிரீம், குறிப்பாக எக்ஸிமா உள்ள குழந்தைகளுக்கு, எரிச்சல் தரலாம் என 2013இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. ஆற்ற வேண்டிய பூச்சே புண்ணைக் கிளறியது வருந்தத்தக்கது. பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) வகைப் பால்மமாக்கிகளில் தயாரிப்பின்போது உண்டாகும் 1,4-டையாக்சேன் என்ற தேவையற்ற மாசு மிகச் சிறிய அளவில் எஞ்சலாம். வெற்றிட முறையில் அதைப் பெரும்பாலும் நீக்கிவிட முடியும்.

உடனே கழுவிவிடும் பொருளைவிட, பூசியபடி விட்டுவிடும் பொருளில்தான் கவனம் அதிகம் தேவை. எக்ஸிமாவோ எளிதில் சிவக்கும் சருமமோ உள்ளவர்கள், சோடியம் லாரில் சல்பேட் என்று லேபிளில் கண்டால் அந்தக் கிரீமைத் தவிர்ப்பது நல்லது. புதிய பூச்சு எதுவானாலும், முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவிச் சில நாள் பார்த்த பிறகு முகத்துக்குப் பயன்படுத்துங்கள்.