பல்கலைக்கழகத்தில் கணக்கீட்டு நியமங்கள்: தமிழ்மொழி மூல மாணவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் சித்தியடைந்து முகாமைத்துவ, வர்த்தக பீடங்களுக்குச் செல்லும் எமது பிள்ளைகள் பலர், நிதி அறிக்கையிடல் நியமங்கள் என்ற பாடத்தில் தடுமாறுகின்றனர். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, தமிழ்மொழி மூலம் கணக்கீடு கற்பித்து வரும் என்னிடம் பழைய மாணவர்கள் கேட்கும் சந்தேகங்களில் அதிகமானவை இதைப் பற்றியவையே. ஆங்கிலம் ஒரு காரணம்தான். பாடசாலையில் பழகிய கற்றல் முறை அங்கு போதாமல் போவதே அதைவிடப் பெரிய காரணம் என்பது எனது கருத்து.

நியமங்கள் எதற்கு?

ஒரே மாதிரியான கொடுக்கல் வாங்கலை இரு கம்பனிகள் இரு விதமாகக் காட்டினால், வங்கியோ முதலீட்டாளரோ அவற்றை ஒப்பிட முடியாது. இதற்குத் தீர்வாக 1973இல் சர்வதேச கணக்கீட்டு நியமக் குழு உருவானது. 2001இல் அதன் பணியை சர்வதேச கணக்கீட்டு நியமச் சபை பொறுப்பேற்றது. இலங்கையில் 1995ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பட்டயக் கணக்காளர் நிறுவகம் நியமங்களை வெளியிடுகிறது. வங்கிகள், காப்புறுதிக் கம்பனிகள், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனிகள் முதலியன அவற்றைப் பின்பற்றியே ஆக வேண்டும். 2012 ஜனவரி 1 முதல் எமது நியமங்கள் சர்வதேச நியமங்களுடன் ஒருங்கிணைக்கப்பட்டன. இதனால் இலக்கங்களும் பொருந்துகின்றன: ஐ.ஏ.எஸ். 2 இங்கே எல்.கே.ஏ.எஸ். 2, ஐ.எப்.ஆர்.எஸ். 16 இங்கே எஸ்.எல்.எப்.ஆர்.எஸ். 16.

எங்கே மாறுகிறது?

எல்.கே.ஏ.எஸ். 2ஐ உயர்தரத்திலேயே படிக்கிறோம். ஒரு புடவைக் கடையில் தலா 2,000 ரூபாவுக்கு வாங்கிய 100 சாரிகள் பெருநாள் முடிந்தும் மீதமாக இருக்கின்றன. இனி 1,500 ரூபாவுக்கே விற்கலாம். விற்பனைச் செலவு 100 ரூபா. தேறிய தேறத்தக்க பெறுமதி 1,400 ரூபா. ஆகவே இருப்பு 140,000 ரூபாவாகக் காட்டப்படும். 60,000 ரூபா நட்டம் இவ்வாண்டிலேயே பதியப்படும். இந்தக் கணக்கை எமது பிள்ளைகள் சரியாகச் செய்வார்கள். ஆனால் அந்த 1,500 ரூபா எந்த ஆதாரத்தில் மதிப்பிடப்பட்டது என்று பல்கலைக்கழகத்தில் கேட்பார்கள்.

எல்.கே.ஏ.எஸ். 37இலும் இதே நிலைதான். கம்பனிக்கு எதிராக ஒரு வழக்கு உள்ளது. பணம் செலுத்த நேர்வதற்கான சாத்தியமே அதிகம் என்றால், தொகையை நம்பகமாக மதிப்பிட முடியுமிடத்து ஏற்பாடு செய்ய வேண்டும். சாத்தியம் அதைவிடக் குறைவென்றால் குறிப்பில் வெளிப்படுத்தினால் போதும். மிக அரிதென்றால் அதுவும் தேவையில்லை. இங்கே சூத்திரம் உதவாது. தரப்பட்ட விடயங்களைப் படித்து, நியமத்தின் வாசகத்தைக் காட்டி வாதிட வேண்டும்.

மனனம் செய்த மாதிரிகள் நிலைப்பதுமில்லை. எஸ்.எல்.எப்.ஆர்.எஸ். 16 வந்ததால் 2019 முதல், குறுங்காலக் குத்தகை போன்ற சில விதிவிலக்குகள் தவிர, குத்தகைக்கு எடுத்தவர் சொத்தையும் பொறுப்பையும் நிதிநிலைமைக் கூற்றில் காட்ட வேண்டும். 2024இல் வெளியான ஐ.எப்.ஆர்.எஸ். 18, 2027 முதல் ஐ.ஏ.எஸ். 1இன் இடத்தைப் பிடிக்கிறது.

எப்படிப் படிப்பது?

முதலில் எண்ணக்கரு சட்டகத்தைப் படியுங்கள். சொத்து, பொறுப்பு ஆகியவற்றின் வரைவிலக்கணம் விளங்கினால் மற்ற நியமங்கள் இலகுவாகும்.

ஒவ்வொரு நியமத்தையும் நோக்கம், பரப்பு, வரைவிலக்கணம், ஏற்பிசைவு, அளவீடு, வெளிப்படுத்தல் என்ற தலைப்புகளில் பிரித்துக் குறிப்பெடுங்கள். மூல வாசகத்தில் 'ஷல்' என்று வந்தால் கட்டாயம். 'மே' என்று வந்தால் அனுமதி. இவ்வேறுபாட்டைக் கவனியுங்கள்.

பட்டியலிடப்பட்ட கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் கொழும்புப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு கம்பனியைத் தெரிவு செய்து, நீங்கள் படித்த நியமம் அதன் கணக்கீட்டுக் கொள்கைகளில் எவ்வாறு வருகிறது என்று பாருங்கள்.

எம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கும் இதில் கடமை உண்டு. 'பெறுமானத்தேய்வு', 'ஏற்பாடு' போன்ற சொற்களைக் கற்பிக்கும்போதே அவற்றின் ஆங்கிலச் சொல்லையும் கரும்பலகையில் எழுதுவோம். விடை சரியானாலும் "ஏன்?" என்று ஒரு தடவை கேட்போம். உயர்தரத்தின் இரண்டு வருடங்களில் இப்பழக்கம் வந்துவிட்டால், பல்கலைக்கழகத்தின் முதலாம் வருடத்தில் கணக்கீட்டைக் கைவிட்டு வேறு துறைக்கு மாற நினைக்கும் பிள்ளைகளின் தொகை நிச்சயம் குறையும்.