மின்கல அடுக்கில் சமன்: நீர் செய்த வேலையும் கை செய்ய வேண்டிய வேலையும்

பேச்சுத் தமிழில் ‘பேட்டரி’ என்ற ஒரே சொல் இரண்டு பொருள்களைச் சுமக்கிறது. டார்ச் விளக்கில் இடும் ஒற்றைக் கட்டையும் பேட்டரிதான். இன்வெர்ட்டரின் அருகே இருக்கும் கனத்த பெட்டியும் பேட்டரிதான். கலைச்சொல் வழக்கில் முன்னது மின்கலம், பின்னது மின்கல அடுக்கு. ஆங்கிலத்தில் அச்சொல் முன்பு பீரங்கி வரிசையைக் குறித்தது. 1749இல் பெஞ்சமின் பிராங்கிளின், ஒன்றோடொன்று இணைத்த லேய்டன் சாடிகளின் தொகுதிக்கு அதைப் பெயராக இட்டார். ஆக, மின்னியலில் ‘பேட்டரி’ முதலில் ஒரு கூட்டத்தின் பெயர். தனி ஒன்றின் பெயரன்று. லித்தியம் மின்கலங்களை வீட்டிலேயே இணைத்து அடுக்கு செய்வோருக்கு இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தனி மின்கலத்துக்குச் சமன் என்ற பேச்சே இல்லை. கூட்டத்துக்குத்தான் அது தேவை.

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளை வைத்து இதை எண்ணிப் பார்க்கலாம். மூணாற்றை அடுத்த பள்ளிவாசலில் திருவிதாங்கூரின் முதல் நீர்மின் திட்டம் 1940இல் இயங்கத் தொடங்கியது. 1976இல் தொடங்கப்பட்ட இடுக்கித் திட்டத்தின் இன்றைய நிறுவுதிறன் 780 மெகாவாட். ஆயினும் தென்மேற்குப் பருவமழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால், மின்சாரம் பிறக்கும் மலையிலேயே வீடுகள் இருளில் மூழ்கும். அந்த இருளுக்கு விடையாக வந்தவை இன்வெர்ட்டரும் ஈய அமில அடுக்கும். இப்போது அவ்விடத்துக்கு லித்தியம் வருகிறது. கடையில் வாங்கிய அடுக்காக மட்டுமன்றி, பழைய மடிக்கணினிகளிலிருந்து கழற்றிய மின்கலங்களைக் கொண்டு கைத்திறன் உள்ளோர் தாமே கட்டும் அடுக்காகவும் வருகிறது. கருவி மாறுகிறது, அதைக் கையாளும் பழக்கம் பழையதாகவே தொடர்கிறது. இடர் இங்கேதான் பிறக்கிறது.

1859இல் காஸ்டன் பிளாண்டே உருவாக்கிய ஈய அமில மின்கலத்துக்கு ஒரு பொறுமை உண்டு. 12 வோல்ட் பெட்டிக்குள் ஆறு மின்கலங்கள் தொடரிணைப்பில் உள்ளன. அனைத்தின் வழியாகவும் ஒரே மின்னோட்டம் பாய்கிறது. ஒன்று முன்னதாக நிறைந்துவிட்டால், அதற்குப் பின் வரும் மின்னோட்டம் அதிலுள்ள நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பதில் செலவாகும். அந்த நேரத்தில் பின்தங்கியவை நிறைந்துவிடும். சற்றுக் கூடுதலாக மின்னேற்றிச் சமன் செய்யும் முறை இதனால்தான் இயல்வதாயிற்று. சில மாதங்களுக்கு ஒருமுறை காய்ச்சி வடித்த நீரை ஊற்றியவர்கள், தாம் சமன்பாட்டின் விலையையும் சேர்த்தே செலுத்துகிறோம் என்பதை அறிந்திருக்கத் தேவையில்லை. சமன் செய்யும் வேலையை நீரே செய்தது. பயனாளர் மொத்த மின்னழுத்தத்தை மட்டும் பார்த்தால் போதும் என்ற பழக்கம் அங்கே உருவாயிற்று.

லித்தியம் அயனி மின்கலத்தில் அந்தப் பொறுமை இல்லை. 1970களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம், 1980இல் ஆக்ஸ்போர்டில் ஜான் குட்இனஃப் குழுவினர், 1985இல் ஜப்பானின் அகிரா யோஷினோ எனத் தொடர்ந்த ஆய்வு, 1991இல் சோனி நிறுவனத்தின் வணிகப் பொருளாயிற்று. அதன் கரைசலில் நீர் இல்லை. எளிதில் எரியும் கரிமக் கரைப்பான் உண்டு. நிறைந்த பின்னும் மின்னோட்டம் தொடர்ந்தால் அதைத் தீங்கின்றி வாங்கிக்கொள்ளும் பக்க வினை இல்லை. கோபால்ட் ஆக்சைடின் அமைப்பு குலைந்து ஆக்சிஜன் வெளிப்படும்; எதிர்ப்புறத்தில் கிராஃபைட்டின் மேல் லித்தியம் உலோகமாகப் படியும். முடிவு வெப்பப் பெருக்கம், தீ.

எளிய கணக்கு ஒன்று இதைத் தெளிவாக்கும். நான்கு இரும்பு பாஸ்பேட் மின்கலங்களைத் தொடரில் இணைத்த அடுக்கின் மேல்வரம்பு 14.6 வோல்ட், ஒவ்வொன்றுக்கும் 3.65. மூன்று மின்கலங்கள் 3.55இலும் நான்காவது 3.95இலும் இருந்தாலும் கூட்டுத்தொகை அதே 14.6தான். மின்னேற்றி குறை காணாது. மொத்தத்தை மட்டும் அளப்பவரும் குறை காணார். மின்னிறக்கத்தில் இதன் மறுபக்கம் தோன்றும். வலுவற்ற மின்கலம் முதலில் வற்றும். ஏனையவை அதன் வழியே மின்னோட்டத்தைத் தொடர்ந்து தள்ளும். அதனுள் இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். அத்தகைய மின்கலத்தை மீண்டும் மின்னேற்றுவது உட்குறுக்கிணைப்பை அழைப்பதாகும்.

வீட்டு அடுக்குகளுக்கு இன்று பரிந்துரைக்கப்படும் இரும்பு பாஸ்பேட்டின் வரலாற்றில் ஒரு தமிழரின் பங்கு உண்டு. தென்தமிழகத்தின் அமராபுரத்தில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பயின்ற ஆறுமுகம் மந்திரம், 1980களில் குட்இனஃபுடன் இணைந்து மாலிப்டேட், சல்பேட் முதலிய பல்லணு எதிரயனிச் சேர்மங்களை நேர்மின்முனைக்காக ஆய்ந்தார். அவ்வழியில் 1997இல் குட்இனஃப் குழுவின் ஆய்வுத்தாள் இரும்பு பாஸ்பேட்டை அறிமுகம் செய்தது. 2019இல் குட்இனஃபின் சார்பில் நோபல் உரையை வழங்கியவரும் மந்திரமே. பாஸ்பரஸ், ஆக்சிஜனை இறுகப் பிணைத்திருப்பதால் இச்சேர்மம் கோபால்ட் ஆக்சைடைப் போல எளிதில் ஆக்சிஜனை விடாது. ஆனால் மின்னேற்றத்தின்போது லித்தியம் உள்ள நிலையும் அற்ற நிலையும் அருகருகே நிற்பதால், அதன் மின்னழுத்தம் பெரும்பகுதி நேரம் ஏறக்குறைய மாறாமலே இருக்கும். பாதி நிறைந்ததும் முக்கால் நிறைந்ததும் அளவுமானியில் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றும். ஆகவே நடுநிலையில் மின்னழுத்தத்தைப் பார்த்துச் சமன் செய்ய முயல்வது, இருக்கும் சமனையும் கெடுக்கக்கூடும். உண்மை வேறுபாடு உச்சியிலும் அடியிலும்தான் வெளிப்படும்.

மேலாண்மைச் சுற்று இருந்தால் போதும் என்ற நம்பிக்கையையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். மலிவான சுற்றுகள் முந்திய மின்கலத்தின் மின்னூட்டத்தைச் சிறு மின்தடை வழியே வெப்பமாக வடிக்கின்றன. 100 ஆம்பியர் மணி கொண்ட நான்கில் ஒன்று 5 ஆம்பியர் மணி முந்தியிருக்கிறது எனக் கொள்வோம். வடிப்பது 50 மில்லி ஆம்பியர் எனில், சமனாக 100 மணி நேரம் ஆகும். அச்சுற்று உச்சியை நெருங்கும் சிறிது நேரம் மட்டுமே வேலை செய்வதால், அந்த 100 மணி பல வாரங்களாக நீளும். அதுவரை அடுக்கு தருவது 95 மட்டுமே. எனவே தொடரில் கோப்பதற்கு முன்பே சமன் செய்ய வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியே ஏறக்குறைய நிறைத்து, ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதை உறுதி செய்து, பிறகு பக்க இணைப்பில் சேர்த்து 3.65 வோல்ட் வரை கண்காணிப்புடன் மின்னேற்றுவதே முறை. மின்னழுத்தம் வேறுபட்டவற்றை நேராகப் பக்க இணைப்பில் சேர்த்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெரும் மின்னோட்டம் பாயும், அதுவும் இடரே.

ஒருமுறை எய்திய சமன் நிலைத்தும் நிற்பதில்லை. பாலக்காட்டுக் கோடையில் வெப்பம் 40 பாகையைக் கடக்கிறது. நெருக்கிக் கட்டிய அடுக்கின் நடுவில் உள்ளவை ஓரத்தில் உள்ளவற்றைவிடச் சூடேறி விரைவில் மூப்படையும். தாமாக வற்றும் வேகமும் வேறுபடும். மூணாற்றின் மார்கழி விடியலில் தட்பம் உறைநிலையை நெருங்குகிறது. சுழியத்துக்குக் கீழே மின்னேற்றினால் லித்தியம் படியும். கணவாயின் வெக்கையிலும் மலையின் குளிரிலும் ஒரே அடுக்கு வெவ்வேறு வழிகளில் சமன் இழக்கிறது.

பழைய கட்டையையும் புதுக் கட்டையையும் கலந்து போடாதே என்று டார்ச் விளக்குக் காலத்திலேயே நம் வீடுகளில் சொல்லி வைத்தார்கள். கூட்டத்தில் ஒவ்வொன்றையும் தனித்துப் பார்க்க வேண்டும் என்ற அறிவு அதில் இருந்தது. ஈய அமிலப் பெட்டி அந்த அறிவை அவசியமற்றதாக்கிற்று. லித்தியம் அதை மீண்டும் கேட்கிறது. மூடிய பெட்டியின் இரு முனைகளில் மட்டும் அளவுமானியை வைப்பவர் கூட்டுத்தொகையைத்தான் அறிகிறார். ஒவ்வொரு மின்கலத்தின் முனைகளிலும் வைத்துப் பார்ப்பவரே தாம் கட்டிய அடுக்கை அறிந்தவர் ஆவார்.