யாழ்ப்பாணமும் புகையிரதமும்

இயற்கையின் பேராற்றல்களைத் தன் ஏவலுக்குப் பணியவைத்த மனிதனின் சாதனைகளுள், நீராவியைக் கொண்டு வண்டியிழுக்கச் செய்தது தலையாயதொன்றாகும். கொதிகலத்தில் எழும் நீராவி உருளைக்குட் புகுந்து முசலத்தைத் தள்ள, அவ்வசைவு சில்லுகளைச் சுழற்றுகின்றது. இத் தத்துவத்தைத் துணைக்கொண்டு ஜோர்ஜ் ஸ்ரீபன்சன் அமைத்த இயந்திரம் 1825 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே மக்களையும் நிலக்கரியையும் ஏற்றி ஓடிற்று. 1830 இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்ரருக்குமிடையே பாதை திறக்கப்பட்டபின் புகையிரதத்தின் புகழ் உலகெங்கும் பரவலாயிற்று.

இலங்கையில் முதற்பாதை 1865 இல் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை திறக்கப்பட்டது. 1867 இல் கண்டியை அடைந்தது. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொணர்வதே அதன் தலையாய நோக்கம். கோப்பி விளையாத நம் குடாநாடு மேலும் முப்பத்தைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1902 மார்ச் 11 ஆந் திகதி காங்கேசன்துறையிலிருந்து புறப்பட்ட புகையிரதத்தை நம் முன்னோர் "கோச்சி" என்றழைத்தனர். கொழும்புடன் தொடர்பேதுமின்றி மூன்றாண்டுகள் அது வடக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது. வன்னிக் காட்டினூடாகப் பாதை முற்றுப்பெற்று, 1905 ஆகஸ்ட் 1 ஆந் திகதியே கொழும்பும் யாழ்ப்பாணமும் இணைந்தன.

இதனால் விளைந்த மாற்றங்கள் பலவாம். முன்பு தெற்கே செல்வோர் மாட்டுவண்டியிற் பல நாள் காட்டுவழி போகவேண்டும். அன்றேற் கரையோரக் கப்பலை நாடவேண்டும். இப்பொழுதோ புகையிலையும் வெங்காயமும் விரைந்து சந்தைக்குச் சென்றன. ஆங்கிலங் கற்ற இளைஞர் உத்தியோகந் தேடிக் கொழும்புக்கு ரயிலேறினர். மாதந்தோறும் காசுக்கட்டளை ஊருக்கு வந்தது. 1914 இல் தலைமன்னார்ப் பாதை திறக்கப்பட, தனுஷ்கோடிக்குக் கப்பலேறித் தமிழகத் தலங்களைத் தரிசித்தலும் எளிதாயிற்று. ஆயினும் வருவாயைத் தந்த அதே வண்டி, மண்ணிற் பாடுபடவேண்டிய இளங்கரங்களையும் ஏற்றிச் சென்றதென்பதை மறத்தலாகாது.

இன்னுமொன்றை நாம் இங்கு சிந்தித்தல் கடன். பிரயாணச்சீட்டுக் கொடுப்போன் குலங் கேட்டிலன், பணமே கேட்டான். முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்பெனப் பேதம் இருந்ததுண்மையே. அது செல்வத்தாலானது, பிறப்பாலானதன்று. இத்தகைய வண்டி நம் ஊர்களினூடே அறுபத்தாறு ஆண்டுகள் ஓடியபின்னரும், காங்கேசன்துறைக்கு அயலிலுள்ள மாவிட்டபுரத்தில் 1968 இல் ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் போராட நேர்ந்தது. இரும்புப் பாதை ஊர்களை இணைக்கும். உள்ளங்களை இணைப்பது மனிதர் கடமையே. இயந்திரம் வந்தாற் சமூகம் தானே திருந்திவிடுமென்று எண்ணுவோர்க்கு இஃதொரு பாடமாகும்.

1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. நாளடைவில் டீசல் இயந்திரங்கள் நீராவி இயந்திரங்களை ஓய்வுபெறச் செய்தன. பின்னர் வந்த யுத்தத்தால் 1990 ஜூனில் சேவை நின்றது. தண்டவாளங்கள் கழற்றப்பட்டன, சிலிப்பர்க் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. இருபத்துநான்கு ஆண்டுகளின் பின், 2014 ஒக்டோபர் 13 ஆந் திகதி யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியிற் காங்கேசன்துறைக்கும் வண்டி மீண்டது. நம் வயதினர் பலர் அதனை முதலிற் பாடப்புத்தகப் படத்திலேயே கண்டவர்கள். நம் பெரியோரோ அதன் ஓசை கேட்டு நேரமறிந்தவர்கள்.

ஆகவே, பெரியோர்களே, உங்கள் காலத்துப் புகையிரத அநுபவங்களை எமக்குச் சொல்லுங்கள், ஏட்டில் எழுதிவைக்கின்றோம். இளைஞர்களே, கொழும்புக்குச் செல்லும் வண்டியில் நாமும் ஏறத்தான் போகின்றோம். கற்றதையும் தேடியதையும் கொண்டு அதே வண்டியில் ஊருக்குத் திரும்புவோமாக; எல்லோரும் ஒன்றாயமர்ந்து வரும் அவ்வழக்கத்தை நிலையத்தோடு விட்டுவிடாது, நம் வீதிகளுக்கும் ஆலய முன்றில்களுக்கும் கொண்டுசெல்வோமாக.