பேராக்கின் கருவூலமும் தோட்டத் தமிழரின் கணக்கும்

ஒரு நாட்டின் வரவுசெலவுக் கணக்கை எண்களின் தொகுப்பாக மட்டும் காண்பது வரலாற்று மாணவர்க்குப் போதாது. பணம் எவ்வழியில் வந்தது, எவர்பொருட்டுச் செலவாயிற்று, கருவூலம் வற்றிய நாளில் எவர் சுமை தாங்கினர் என்னும் மூன்று வினாக்களையும் அக்கணக்கிடம் கேட்டாதல் வேண்டும். அரசின் திறத்தைக் கூறவந்த வள்ளுவர், பொருள் வரும் வழிகளை உண்டாக்குதலோடும் பொருளைக் காத்தலோடும் நின்றுவிடவில்லை. காத்த பொருளைப் பகுத்தளித்தலையும் அதனோடு சேர்த்தே கூறினார். அவ்விறுதிக் கடமையை அளவுகோலாகக் கொண்டு பேராக் மாநிலத்தின் கதையை நோக்குவோமாயின், நூலேடுகளில் வெற்றியாகத் தோன்றும் சில நிகழ்ச்சிகள் வேறொரு முகத்தைக் காட்டும்.

கடனில் தொடங்கிய ஆட்சி

1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கையின் வழியாகப் பேராக்கில் ஆங்கிலேயரின் செல்வாக்கு வேரூன்றியது. முதல் ஆட்சிப் பிரதிநிதியான பர்ச், வரி தண்டும் உரிமையைச் சிற்றரசர்களிடமிருந்து பறிக்க முற்பட்டார். 1875 நவம்பர் 2ஆம் நாள் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அதனையடுத்து நிகழ்ந்த போரின் செலவுச் சுமை மாநிலத்தின் தலையிலேயே விழுந்தது. 1877இல் ஹியூ லோ ஆட்சிப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்றபொழுது பேராக்கின் கடன் ஏறத்தாழ 8 இலட்சம் வெள்ளி.

லோ சிக்கனமானவர், பொறுமையும் மிக்கவர். மலாய்த் தலைவர்களையும் சீன வணிகர்களையும் உறுப்பினராகக் கொண்ட மாநில மன்றத்தை அமைத்து, அவர்தம் இணக்கத்தோடு வரிமுறையை ஒழுங்குபடுத்தினார். 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை நாட்டின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. 1889இல் அவர் ஓய்வு பெற்றுச் சென்றபொழுது கடன் தீர்ந்து, கருவூலத்தில் ஏறத்தாழ 15 இலட்சம் வெள்ளி கையிருப்பாக நின்றது. நிருவாகத் திறமைக்கு இஃது ஒரு சான்று என்பதில் ஐயமில்லை.

எனினும் அப்பணம் வந்த வழியையும் காணுதல் வேண்டும். ஏற்றுமதியாகும் ஈயத்தின்மீது விதிக்கப்பட்ட தீர்வையே தலையாய வருவாய். அடுத்த நிலையில் நின்றவை அபின், மது, சூதாட்டம், அடகுக்கடை ஆகியவற்றின் குத்தகைகள். லாருட்டிலும் கிந்தாவிலும் மண்ணைத் தோண்டிய சீனக் கூலியின் உழைப்பு ஈயத் தீர்வையாகக் கருவூலத்தைச் சேர்ந்தது. களைப்பாறுவதற்கு அவன் புகைத்த அபின் குத்தகைப் பணமாக அதே கருவூலத்தைச் சேர்ந்தது. ஒரே மனிதன் ஒரே கடனை இருமுறை தீர்த்தான் எனினும் பொருந்தும்.

ரப்பரும் தமிழரும்

லோ கோலகங்சாரில் நடுவித்த சில ரப்பர்க் கன்றுகள், பின்னாளில் மாநிலத்தின் இரண்டாவது வருவாய்த் தூணுக்கு வித்தாயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுங்கை சிப்புட் முதல் தஞ்சோங் மாலிம் வரை காடுகள் வெட்டப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் உழைப்பதற்குத் தமிழகத்தினின்று கங்காணிகள் வழியாக ஆட்கள் வந்தனர். வருவோரின் கப்பற்செலவை ஏற்பதற்கென 1907இல் குடியேற்ற நிதி ஒன்று நிறுவப்பட்டது. தொழிலாளரை வேலைக்கு அமர்த்தியோர் அனைவரும் ஆள்கணக்குப்படி அதற்குப் பணம் செலுத்தினர். அஃது அரசின் பொதுக் கணக்கைச் சேராத தனிக் கணக்கு. தமிழ்த் தொழிலாளி இந்நாட்டிற்குள் குடியாக வரவில்லை. ஒரு நிதியின் செலவினமாகவே வந்தான் என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

1896 முதல் பேராக்கின் நிதி, கோலாலம்பூரைத் தலைநகராகக் கொண்ட கூட்டாட்சியின் கணக்கோடு இணைந்துவிட்டது. நல்ல காலத்தில் அக்கணக்கில் உபரி குவிந்தது. அவ்வுபரியைக் கொண்டு 1912இல் கூட்டாட்சி மாநிலங்கள் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பலையே அன்பளிப்பாக வழங்க முன்வந்தன. ஏறத்தாழ 30 இலட்சம் பவுன் விலையுள்ள அக்கப்பலுக்கு 'மலாயா' என்று பெயரிடப்பட்டது. மிகுதியான ஆண்டுகளில் கொடை கடல் கடந்து சென்றது என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

மந்தம் வந்த ஆண்டுகள்

1929இல் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார மந்தம், ஈயத்தையும் ரப்பரையும் மட்டுமே நம்பியிருந்த மலாயாவை வேரோடு உலுக்கியது. 1925இல் இலண்டன் சந்தையில் ஓர் இராத்தல் 4 ஷில்லிங்கைத் தாண்டிய ரப்பர், 1932இல் 2 பென்ஸ் அளவுக்குச் சரிந்தது. ஈயத்தின் உற்பத்தியும் 1931ஆம் ஆண்டு அனைத்துலக உடன்பாட்டினால் கட்டுப்படுத்தப்பட்டது. கிந்தாவில் பல ஈய லம்பங்கள் ஓய்ந்தன. ஏற்றுமதித் தீர்வை வீழ்ந்தது. அதனோடு அரசின் வருவாயும் வீழ்ந்தது. ஊழியர் குறைப்பு, பணிகள் நிறுத்தம், சிக்கனம் ஆகியன சீர்திருத்தம் என்னும் பெயரில் தொடர்ந்தன.

தோட்டங்களில் சீர்திருத்தம் சம்பளத்திலிருந்து தொடங்கியது. பேராக் உள்ளிட்ட முதன்மைப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என வகுக்கப்பட்டிருந்த நாட்சம்பளம், 1930இல் முறையே 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. பின்னர் மேலும் குறைந்தது. அதே ஆண்டில் புதிய ஆள்சேர்ப்பு நின்றது. வேலையிழந்தோரும், குறைந்த கூலியை ஏற்க இயலாதோரும் பினாங்குத் துறைமுகத்தினின்று நாகப்பட்டினத்திற்கும் சென்னைக்கும் திருப்பியனுப்பப்பட்டனர். 1930 முதல் 1932 வரையிலான மூன்றாண்டுகளில் மலாயாவை விட்டு இவ்வாறு சென்றோர் தொகை ஒன்றரை இலட்சத்தை விஞ்சும். கப்பற்செலவை ஏற்றது அவர்களை அழைத்துவந்த அதே குடியேற்ற நிதியே.

ஆட்சியாளர் இதனை இரக்கச் செயல் என்றே கருதினர். பட்டினி கிடப்பதினும் ஊர் திரும்புவது மேல் என்னும் வாதத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் கணக்கின் போக்கை நோக்குக. வேலையற்றோர்க்கு உணவும் மருந்தும் உறையுளும் வழங்கும் கடமை அரசின் ஏட்டில் ஏறியிருக்க வேண்டும். மனிதர்களைக் கப்பலேற்றியதால் அச்செலவினம் எழுதப்படாமலே போயிற்று. மலாயாவின் பற்றாக்குறையில் ஒரு பகுதி தஞ்சை, திருச்சி மாவட்டங்களின் சிற்றூர்களுக்கு ஏற்றுமதியாயிற்று எனலாம். விலை மீண்டெழுந்த 1934இல் அதே நிதி மீண்டும் ஆட்களை அழைத்துவந்தது. 1937இல் அறிக்கை அளித்த சீனிவாச சாஸ்திரியார், பழைய 50 காசு, 40 காசுச் சம்பளத்தையே மீட்டுத் தருமாறு பரிந்துரைக்க வேண்டியிருந்தது. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது.

பள்ளியும் நிலமும்

தமிழ்ப்பள்ளியின் நிலையும் இவ்வரலாற்றோடு பிணைந்ததே. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேருக்குக் குறையாத தோட்டங்களில் பள்ளி அமைக்கும் பொறுப்பை முதலாளியிடம் ஒப்படைத்தது. பள்ளி வந்தது, ஆனால் அது பொதுக் கருவூலத்தின் கடமையாக வரவில்லை, தோட்டத்தின் செலவாக வந்தது. ஆகவே லயம் நிறைந்தால் பள்ளி நிறையும்; லயம் காலியானால் பள்ளியும் காலியாகும். விடுதலைக்குப் பின் அரசு ஆசிரியர் சம்பளத்தை ஏற்றது. எனினும் பிறர் நிலத்தில் நிற்கும் பள்ளிகள் 'பகுதி உதவி பெறும் பள்ளி' என்னும் பிரிவிலேயே நெடுங்காலமாக இருந்துவருகின்றன.

1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபொழுது, வேலையும் வீடும் பள்ளியும் ஒருங்கே ஆட்டங்கண்டன. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து எழுதியுள்ளார். அவ்வேளையில் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் கண்ட வழி வேறு. 1960இல் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், தொழிலாளர் பத்துப்பத்து வெள்ளியாகச் செலுத்தி நூறு வெள்ளிப் பங்கு பெற்றனர். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பிறருடைய ஏட்டில் செலவினமாக இருந்தவன் தன் பெயரில் ஓர் ஏட்டைத் திறந்தான் என்பதே அச்சங்கத்தின் வரலாற்றுச் சிறப்பு.

மீண்டும் ஈயம்

1985 அக்டோபர் 24ஆம் நாள் அனைத்துலக ஈய மன்றத்தின் கையிருப்பு நிதி தீர்ந்தது. இலண்டன் உலோகச் சந்தையில் ஈய வணிகம் நின்றது. விலை ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்தது. ஈப்போவைச் சூழ்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கில் லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அவ்வாண்டில் நாட்டின் பொருளாதாரமே சுருங்கியது. கனரகத் தொழில்களுக்காக வெளிநாடுகளில் வாங்கிய கடனின் சுமையும் அழுத்த, அரசு செலவைக் குறைத்தது; 1983இல் அறிவித்த தனியார்மயத்தை விரைவுபடுத்தியது; 1986இல் முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டத்தை இயற்றி வெளிநாட்டுத் தொழிற்சாலைகளை வரவேற்றது. நாடு மீண்டது. இம்முறை எவரும் கப்பலேற்றப்படவில்லை; தொழிலாளர் பெரும்பாலும் குடியுரிமை பெற்றிருந்தனர். ஆயினும் ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபொழுது, லயத்து வீட்டையன்றி வேறு வீடில்லாதோர் நகர்ப்புறத்தின் ஓரங்களில் ஒதுங்கினர். அவர்கள் விட்டுவந்த பள்ளிகளில் பல, மாணவர் குறைந்து தளர்ந்தன.

இந்நிகழ்ச்சிகளை ஒருங்கு நோக்கின் ஓர் உண்மை தெளிவாகும். கடன் தீர்ந்தது என்று ஏடு கூறுவது பொய்யன்று. ஆனால் தீர்த்தவர் பெயரை அவ்வேடு கூறுவதில்லை. 1889இன் உபரியில் சீனக் கூலி எழுதப்படவில்லை; 1932இன் சிக்கனத்தில் நாகப்பட்டினம் சென்ற தமிழன் எழுதப்படவில்லை. உரிமையாகக் கணக்கில் இடம்பெற்றவனைக் குறைப்பது கடினம். பிறருடைய செலவாக இடம்பெற்றவனை ஒரு கோட்டால் அடித்துவிடலாம். ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டம் நாடாளுமன்றத்தில் வாசிக்கப்படும்பொழுது, தமிழ்ப்பள்ளிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்பது வழக்கமாகிவிட்டது. அத்தொகை உரிமையாக வருகிறதா, அவ்வாண்டின் அருளாக வருகிறதா என்பதையும் கேட்கக் கற்ற மாணவனே இவ்வரலாற்றைக் கற்றவனாவான்.