மின்திறன் கணக்கு: கொங்கு நாட்டில்

மின்சாரம் ஒரு விநாடியில் செய்யும் வேலையின் அளவு மின்திறன். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். ஆயிரம் வாட் ஒரு கிலோவாட். ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். கோயம்புத்தூர் வட்டாரத்தில் இந்தக் கணக்கு வேரூன்றியது கிணற்று மேட்டில்தான்.

மழை குறைந்த, கிணறு ஆழமான நாடு இது. மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில், வேலைக்கு அளவு மாட்டின் மூச்சு. 1932-இல் நீலகிரியின் பைகாரா நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியபின் நிலை மாறியது. அங்கே தண்ணீர் 900 மீட்டருக்கு மேல் வீழ்கிறது. விநாடிக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் உயரம், இவற்றோடு புவியீர்ப்பு முடுக்கமான 9.81: மூன்றையும் பெருக்கினால் வாட். விநாடிக்கு ஒரு லிட்டர் 900 மீட்டர் விழுந்தால், இழப்புகளை விட்டுப் பார்த்தால், சுமார் 8.8 கிலோவாட்.

தண்ணீரை மேலே தூக்கவும் இதே கணக்குத்தான். 30 மீட்டரிலிருந்து விநாடிக்கு ஐந்து லிட்டர் இறைக்க 1,471 வாட், அதாவது ஏறக்குறைய இரண்டு குதிரைத்திறன் (ஹெச்பி) போதும். ஆனால் பம்பின் செயல்திறன் பாதிதான் என்றால் நான்கு வேண்டும். எனவே ஐந்து ஹெச்பி மோட்டார் வாங்குகிறார்கள்.

ஒரு ஹெச்பி 746 வாட். ஜேம்ஸ் வாட் தம் நீராவி எந்திரத்தைக் குதிரைகளோடு ஒப்பிட வகுத்த அளவு அது. ஐந்து ஹெச்பி தண்டில் கிடைக்கும் திறன். 80 விழுக்காடு செயல்திறனுள்ள மோட்டார் கம்பியிலிருந்து இழுப்பது சுமார் 4.7 கிலோவாட். மும்முனை இணைப்பில் வாட்டைக் காண √3, வோல்ட், ஆம்பியர், திறன்காரணி நான்கையும் பெருக்க வேண்டும். 415 வோல்ட், 0.8 திறன்காரணி என்றால் எட்டு ஆம்பியருக்குச் சற்று மேல் வரும். வோல்டேஜ் இறங்கினால் அதே சுமைக்கு ஆம்பியர் ஏறும். கிராமங்களில் காயில் எரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மோட்டார் கட்டுபவர்கள் சூத்திரம் எழுதாமலே இதை அறிவார்கள்.

இந்தியாவின் முதல் மின்மோட்டாராகக் குறிப்பிடப்படுவது 1937-இல் இங்கேதான், ஜி. டி. நாயுடுவின் முயற்சியில் உருவானது. பின்னர் பம்புத் தொழில் ஊரின் அடையாளமாயிற்று.

கணக்கு அரசியலானது 1970-களில். யூனிட் கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர்கள் திரண்டனர். 1970-இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூட்டில் உழவர்கள் இறந்தனர். 1972-இல் மாட்டுவண்டிகள் கோவைச் சாலைகளை அடைத்தன. பைசாக் கணக்கிலான உயர்வை எளிதாக எண்ணியவர்கள், நாளுக்கு நான்கு மணி நேரம் ஓடும் ஐந்து ஹெச்பி மோட்டாருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 19 யூனிட் ஆகும் என்பதைப் பெருக்கிப் பார்க்கவில்லை.

1984-இல் சிறு விவசாயிகளுக்கும், பின்னர் அனைவருக்கும் இலவச மின்சாரம் வந்தது. பெரும்பாலான பம்புசெட்டுகளில் மீட்டர் இல்லாததால் ஓடிய நேரம் யாருக்கும் தெரியாது. அதனால் அரசு மின்வாரியத்துக்குத் தரும் மானியமும் ஆண்டுக்கு ஒரு ஹெச்பிக்கு இவ்வளவு என்றே கணக்கிடப்படுகிறது.