நிர்மலா டாக்டரும் ஒரு வருடம் பிந்தி வந்த திட்டமும்

சலூனில் உட்காரும் முன்பே "புது பிளேடு போடுப்பா" என்று சொல்லும் பழக்கம் நமக்கு எப்போது வந்தது, நினைவிருக்கிறதா? எய்ட்ஸ் பயம் ஊருக்குள் வந்த பிறகுதான். அந்த நோய்க்கிருமி இந்தியாவிலும் இருக்கிறது என்று முதலில் காட்டியவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒரு மாணவி. அவர் பெயர் டாக்டர் செல்லப்பன் நிர்மலா. நம்மில் பலருக்கு இந்தப் பெயர் தெரியாது.

1985-ல் அவர் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவி. ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தபோது, பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன் எய்ட்ஸைப் பற்றிச் செய்யச் சொன்னார். கட்டுப்பாடான குடும்பத்தில் வளர்ந்த நிர்மலாவுக்குத் தயக்கம். பாலியல் தொழிலில் இருந்த பெண்களைத் தேடிப் போய் ரத்தம் எடுக்க வேண்டுமே! கணவர் ராமமூர்த்திதான் தைரியம் சொன்னார். பஸ் காசை மிச்சப்படுத்தத் தன் ஸ்கூட்டரிலேயே கொண்டுபோய் விடுவாராம்.

சுமார் மூன்று மாதத்தில் 80-க்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. கையுறை கிடையாது. பிரித்தெடுத்த சீரத்தை வைக்கத் தனி வசதி இல்லை. நிர்மலாவின் வீட்டு ஃபிரிட்ஜில்தான் வைத்தார்கள். எதற்காக இந்த ரத்தம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவும் இல்லை. இன்றைய விதிப்படி அது பெரிய தவறு. அன்று அதைச் சொல்லிக்கொடுக்கவும் ஆளில்லை.

1986 பிப்ரவரியில் கணவனும் மனைவியும் ஐஸ் பெட்டியோடு இரவு ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, வேலூர் சி.எம்.சி.க்குப் போனார்கள். டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வுக்கூடத்தில் பரிசோதனை நடந்தது. ஆறு மாதிரிகளில் நிறம் மாறியிருந்தது. அமெரிக்காவில் செய்த மறுபரிசோதனையும் அதை உறுதி செய்தது. அந்த மே மாதம் சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டசபையில் செய்தியை அறிவித்தார்.

1987 மார்ச்சில் நிர்மலா ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். பிறகு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தடுப்பூசித் தயாரிப்புப் பணியில் சேர்ந்தார். 2010-ல் ஓய்வு பெற்றார். தடுப்பூசி வேலையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதனால் பிழைத்த குழந்தைகள் எத்தனையோ. ஆனால் இவ்வளவு பெரிய கண்டுபிடிப்போடு தொடங்கிய ஒருவர் அதே வழியில் மேலே போகப் படிக்கட்டு எங்கே இருந்தது?

இங்கேதான் அந்தத் தேதி என்னை உறுத்துகிறது. அடுத்த வருடம், 1988-ல், அமெரிக்க அரசின் ஃபோகார்ட்டி சர்வதேச மையம் எய்ட்ஸ் ஆராய்ச்சிப் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பணம் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்குப் போகும். அந்தப் பல்கலைக்கழகம் ஏழை நாட்டு நிறுவனம் ஒன்றோடு கைகோத்து, அங்குள்ள இளைஞர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். ஆய்வை எப்படித் திட்டமிடுவது, புள்ளிவிவரத்தை எப்படிக் கணக்கிடுவது, நோயாளியிடம் எப்படிச் சம்மதம் கேட்பது, கட்டுரை எப்படி எழுதுவது என்றெல்லாம் கற்றுக்கொண்டு, அவர்கள் சொந்த ஊருக்குத் திரும்பி வேலை செய்ய வேண்டும் என்பதே நோக்கம்.

"போனவன் திரும்புவானா?" என்று நம் வீடுகளில் கேட்போமே, அந்தக் கேள்வி இதிலும் உண்டு. அதற்கு சுனிதி அம்மாவே ஒரு பதில். இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று போய்ப் பயிற்சி பெற்று, 1973-ல் சென்னைக்குத் திரும்பி வந்தவர் அவர்.

1993-ல் அவர் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மையத்தைத் தொடங்கினார். எச்.ஐ.வி. என்றாலே கதவைச் சாத்திய காலத்தில் நோயாளிகளுக்கு அங்கே இடம் கிடைத்தது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தோடு உறவு ஏற்பட்டு, மையத்தின் இளம் மருத்துவர்களும் ஆய்வாளர்களும் ஃபோகார்ட்டி திட்டத்தில் பயிற்சி பெற்றார்கள்.

அதனால் என்ன பலன் என்று கேட்கலாம். எச்.ஐ.வி. உள்ளவருக்குச் சீக்கிரமே மருந்து தொடங்கினால் துணைவருக்குத் தொற்றுவது குறையுமா என்று ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சென்னையும் அதில் ஒரு களம். தொற்று 96 சதவீதம் குறைந்ததாக 2011-ல் முடிவு வந்தது. உலகம் முழுவதும் சிகிச்சை முறையே மாறியது. 1986-ல் வீட்டு ஃபிரிட்ஜில் சீரம் வைத்திருந்த அதே ஊர், 25 வருடத்தில் இப்படி ஒரு ஆய்வில் பங்கெடுத்தது. ரயிலில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டிய நிலை அடுத்து வந்தவர்களுக்கு இல்லை.

 2015-ல் சுனிதி சாலமன் மறைந்தார். 2017-ல் பத்மஸ்ரீ வந்தது. அது அவருக்குத் தகும். தயங்கி நின்ற மாணவியை "உன்னால் முடியும்" என்று அனுப்பிய ஆசிரியை அவர். ஆனால் ஒரு நல்ல ஆசிரியரால் முதல் படியில் மட்டும்தான் ஏற்றிவிட முடியும். மீதிப் படிகளை நிறுவனங்கள் கட்ட வேண்டும். அவை நிர்மலா டாக்டர் முடித்து வெளியே வந்த மறு வருடம்தான் கட்டப்பட ஆரம்பித்தன.